படபடப்பா, தாழ்சர்க்கரையா?
சுபாவத்தையும் சர்க்கரை நோயையும் பற்றி வந்த கட்டுரை, ஒழுங்கான சுபாவக்காரர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று சொல்வது பெரும்பாலும் சரிதான், மாத்திரையை நேரத்துக்குப் போடுவார்கள். ஆனால் பதற்ற சுபாவம் உள்ளவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே!

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்குக் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அது தாழ்சர்க்கரையா (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது), பதற்றமா என்று உடம்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறவர்களுக்கு இரண்டுமே வரும். குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுசோதனை. கருவி கையில் இல்லையா, தாழ்சர்க்கரை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. 140 காட்டினால் இனிப்பு டீ வேண்டாம். பல மாதம் 300-லேயே இருந்தவருக்கு 140-க்கு இறங்கும்போதும் நடுக்கம் வரலாம். ஒவ்வொரு படபடப்புக்கும் இனிப்பைத் தின்றால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) ஏறத்தான் செய்யும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது என்றால் சர்க்கரை மருத்துவரிடம் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை மருத்துவர், மனநல மருத்துவர் இருவரிடமும் இரண்டு மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.