அந்த ஏழு மணி நேரம்

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "மாமா, பாருங்க, விரலே கண்ணுக்குத் தெரியல." திறந்தால் நம்ம கொரியப் பியானோ கலைஞர் யுன்சான் லிம்! 2022 ஜூனில் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் நடந்த வான் கிளைபர்ன் பியானோ போட்டியின் இறுதிச் சுற்றில், ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் மூன்றாவது கான்செர்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு) அவர் வாசித்ததிலிருந்து யாரோ வெட்டியெடுத்த முப்பது விநாடி. முழு வீடியோவை யூடியூபில் ஒரு கோடித் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஐம்பது தடவையாவது நான் ஏற்றியது.

"இதை விடு, முழுசையும் போட்டு முதல் ஒரு நிமிஷத்தைக் கேள்" என்று பதில் போட்டேன்.

அந்த முதல் நிமிடத்தில் வித்தை எதுவும் கிடையாது. ஆர்கெஸ்ட்ரா மெல்லத் தொடங்கியதும் பியானோ நுழைகிறது. இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கின்றன, ஒரு ஸ்தாயி தள்ளி. பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு (chord) இல்லை, அலங்காரம் இல்லை. கொஞ்ச நாள் பியானோ கற்ற பிள்ளைகூடத் தடவித் தடவி அந்தச் சுரங்களைப் பிடித்துவிடும். பின்னால் வரப்போகும் நாற்பது நிமிடப் புயலை மனதில் வைத்துக்கொண்டு பலர் இந்த இடத்தைச் சும்மா கடந்துவிடுவார்கள். லிம் கடப்பதில்லை. பாடுகிறார். எங்கே மூச்சு விடுகிறார் என்பதுகூடக் கேட்கிறது. வாசித்து முடிந்ததும் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய மரின் ஆல்சப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வீடியோவில் வந்த மாதிரி முப்பது விநாடி வித்தைக்காக மட்டும் வந்த கண்ணீர் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த மார்ச்சில்தான் லிம்முக்கு 18 வயது முடிந்திருந்தது. போட்டியில் சேரக் குறைந்தபட்ச வயதே 18. அதன் வரலாற்றிலேயே மிக இளைய தங்கப் பதக்கக்காரர். (அந்த வருஷம் இரண்டாம் பரிசு ரஷ்யப் பெண்ணுக்கு, மூன்றாம் பரிசு உக்ரைன்காரருக்கு. போர் தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.)

சரி, பரிசு? ஒரு லட்சம் டாலர், கூடவே மூன்று வருஷத்துக்குக் கச்சேரி ஏற்பாடு. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம். போட்டிக்குப் பெயர் கொடுத்த வான் கிளைபர்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்போர் உச்சத்தில், 1958-இல், மாஸ்கோவுக்கே போய் சைகோவ்ஸ்கி போட்டியில் ஜெயித்தார். நியூயார்க்கில் ஊர்வலம் விட்டார்கள். அப்புறம் போன இடமெல்லாம், போட்டியில் வாசித்த அதே சைகோவ்ஸ்கி கான்செர்டோவைத்தான் கேட்டார்கள். 1978-இல் மேடையை விட்டு ஒதுங்கி, திரும்பி வர ஒன்பது வருஷம் ஆனது. ஜெயித்த பிள்ளையை ஊரே சேர்ந்து எப்படித் தேய்த்துவிடும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

லிம் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. உலகமே கூப்பிடும்போது மாணவராகவே இருந்தார். கொரியாவில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த மின்சூ சோன் 2023-இல் பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரிக்குப் போனபோது, இவரும் பின்னாலேயே போனார். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹாலில் கச்சேரி, அடுத்த மாதமே கை வலி, ஐரோப்பியக் கச்சேரிகள் ரத்து. இருபது வயதுக் கைக்கு அது நல்ல சகுனமாக எனக்குப் படவில்லை. கச்சேரி ஏற்பாட்டாளர்கள் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளலாம்.

அந்த ஏப்ரலில் டெக்கா இசை நிறுவனம் வெளியிட்ட ஷோபன் எத்யூட் ஆல்பத்துக்கு, கிராமஃபோன் என்ற இசைப் பத்திரிகையின் விருது கிடைத்தது. எத்யூட் என்றால் பயிற்சிக்கென்று எழுதிய சிறு பியானோ படைப்பு; இசையமைப்பாளர் ஷோபன் எழுதியவற்றை ஓபஸ் 10, ஓபஸ் 25 என்று இரண்டு தொகுப்பாகச் சொல்வார்கள். அதிலும் ஓபஸ் 10-இல் ஒன்றிரண்டு எனக்கு அவசரமாகத்தான் கேட்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் ஓபஸ் 25-இன் ஏழாவது எத்யூட்! மெதுவானது. இடது கை மட்டும் தனியாக, செல்லோ போல முனகிக்கொண்டு ஆரம்பிக்கும். அதன் முதல் இரண்டு பார்களுக்கு (ஒரு பார் என்பது தாளக் கணக்கில் ஒரு சிறு பகுதி) மட்டும் ஏழு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தப்பு வராமல் வாசிக்க ஏழு மணி நேரமா ஆகும்? முதல் சுரத்திலிருந்து அடுத்ததற்கு எந்த மனநிலையில் போவது என்று தேடியிருக்கிறார். இதை எந்த ரீல்ஸில் வெட்டிப் போடுவது?

அதையும் மருமகனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது.

"மாமா, ஆரம்பத்துல இன்னொரு கை என்ன பண்ணிட்டு இருக்கு?"