"அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லி எம்.பி.பி.எஸ். சேர்க்காதீர்கள்

நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். நீட் ரிசல்ட் வந்து கலந்தாய்வு தொடங்கிவிட்டால் அந்த ஒன்றிரண்டு மாதம் எனக்கு வரும் போனில் பாதி, பழைய மாணவர்களின் அப்பா அம்மாக்கள்தான். போன வாரம் ஒரு அப்பா நேரிலேயே வந்துவிட்டார். சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மகளுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்கிற நிலை. போனைத் திறந்து, எந்தக் கல்லூரி முதலில் வேண்டும் என்று வரிசையாகப் போடுகிற சாய்ஸ் லிஸ்ட்டைக் காட்டினார். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய கல்லூரி பதினான்காவது இடத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "எது கிடைக்குதோ அதுல சேர்ந்துட்டா போதும் டீச்சர், ஒரு வருஷம் கழிச்சு பக்கத்துல மாத்திக்கலாமாம்ல" என்றார்.

யாருங்க சொன்னாங்க என்று கேட்டால் ஒரு பெயரும் வராது. சொந்தக்காரர் சொன்னார், கன்சல்டன்சிக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் நடந்ததாம். எல்லாம் பழைய கதை. 1997-ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதிகளில் அப்படி ஒரு வழி இருந்தது உண்மைதான். முதலாமாண்டுத் தேர்வில் தேறிய பிறகு, கல்லூரியின் மொத்த இடங்களில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல், தகுந்த காரணம் காட்டி மாறலாம் என்று இருந்தது. கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் கொண்டுவந்த விதிமுறையில் அந்தக் கதவை முழுசாக மூடினார்கள். ஒரு கல்லூரியில் சேர்ந்த மாணவர் வேறு கல்லூரிக்கு மாற்றம் கேட்கவே கூடாது என்பதுதான் அதில் எழுதியது. அதை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வழக்கை நம்பி நம் பிள்ளையை எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது, இல்லையா?

நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். அந்த ஐந்தரை வருடத்தையும் அதே கல்லூரியில்தான் கழிக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு லிஸ்ட்டைப் போடுங்கள்.

மாற்றம் என்று உறுதியாக ஒன்று இருக்கிறது என்றால் அது கலந்தாய்வுக்குள்ளேதான். முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு, இதைவிட மேலானது வந்தால் போகிறேன் என்று அடுத்த சுற்றுக்கு விருப்பம் கொடுக்கலாம். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் கையை விட்டுப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் இப்போது இருப்பதைவிட உண்மையிலேயே பிடித்த கல்லூரிகளை மட்டும்தான் அந்த லிஸ்ட்டில் வைக்க வேண்டும். எந்தச் சுற்றில் விலகினால் கட்டிய பணம் போகும், எதில் விலகவே முடியாது என்பதை அந்த வருடத்துக் கையேட்டில் ஒரு வரி விடாமல் படியுங்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு ஒரு கையேடு, மாநிலத்தின் 85 சதவீதத்துக்கு வேறு கையேடு. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றும் அதே மாதிரிதான் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, "நமக்குக் கிடைக்காது" என்று நினைத்துப் பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளுகிறார்கள். அந்தத் தப்பை வருடா வருடம் பார்க்கிறேன். உங்கள் ரேங்க் வரும்போது உங்கள் லிஸ்ட்டை மேலிருந்து கீழேதான் பார்க்கிறார்கள். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிடித்ததை முதலில் போட்டு அது கிடைக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான், நஷ்டமே கிடையாது. பதினான்காவதாகப் போட்டால்தான் நஷ்டம்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பொய்யைச் சொல்கிறார்கள். "ரெண்டு வருஷம் அங்க படிக்கட்டும், அப்புறம் இங்க மாத்தி விட்டுடறோம்" என்கிறார்கள். 2021 நவம்பரில் வந்த விதிப்படி, அதற்குப் பிறகு வெளிநாட்டில் சேர்கிறவர்கள் குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாத இன்டர்ன்ஷிப் இரண்டையும் அங்கே ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராக வேலை பார்க்கும் உரிமை கிடைக்கிற படிப்பாக இருக்க வேண்டும். அப்புறம் இங்கே வந்து தகுதித் தேர்வு, அதன் பிறகு இன்னொரு வருட இன்டர்ன்ஷிப். 2022-ல் உக்ரைனில் குண்டு விழுந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஓடிவந்தபோதுகூட, அவர்களை இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றுதான் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு, எந்தக் கல்லூரியிலும் சேராமல் தேர்வு மட்டும் எழுத இரண்டே இரண்டு வாய்ப்பு, அதுவும் 2023-ல்தான் கிடைத்தது. போரில் தப்பி வந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், கன்சல்டன்சிக்காரர் எந்த வழியில் மாற்றித் தரப்போகிறார்?

சரி, மாற்றமே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேனா என்றால், இல்லை. தாராளமாகத் திறந்துவிட்டால் குறைந்த ரேங்க்கில் எங்கோ சேர்ந்துவிட்டு, ஆள் பிடித்துப் பெரிய நகரத்துக்கு நகர்ந்துவிடுவார்கள், ரேங்க்குக்கே மதிப்பிருக்காது என்கிற பயம் நியாயமானது. ஆனால் என்னிடம் படித்த ஒரு பெண் இருக்கிறாள். இரண்டாம் வருடத்தில் அப்பா போய்விட்டார். வீட்டில் அம்மாவும், தானாக எழுந்து நடக்க முடியாத தம்பியும். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு மாற்றம் கேட்டு மனு கொடுத்தாள். விதியில் இடமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இப்போது பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஊருக்கு வருகிறாள். தம்பியைக் குளிப்பாட்டி, அம்மாவுக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிட்டு ஞாயிறு ராத்திரியே திரும்புகிறாள். பஸ்ஸில் லைட்டை அணைத்துவிடுவார்கள் என்று நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், பாத்தாலஜி புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்க. இவள் ரேங்க்கை ஏமாற்றப் போகிறவளா?

அப்பா அம்மாவின் மரணம், கடுமையான நோய், உடல் ஊனம் இந்த மூன்றுக்காவது ஒரு சின்ன வழியை விட்டு வையுங்கள். யாருக்கு, என்ன காரணத்துக்காகக் கொடுத்தோம் என்பதை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள், முறைகேடு நடக்காது. சில பேர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக எல்லோருக்கும் கதவைச் சாத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த அப்பாவும் நானும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து லிஸ்ட்டைக் கலைத்து மறுபடி போட்டோம். மகளுக்குப் போன் போட்டு ஒவ்வொரு கல்லூரிக்கும் அவளையே கேட்டோம். பதினான்காவதாக இருந்தது முதலில் வந்தது. லாக் செய்வதற்கு முன்னால் அவர் மூன்று தடவை மேலிருந்து கீழே வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.