ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குத் தண்ணீர் மட்டும் போதாது

அமிலம் பட்டால் 15 நிமிடம் தண்ணீரில் கழுவினால் போதும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கணினிச் சிப் தயாரிப்பில் புழங்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு அது போதவே போதாதுங்க, பினாங்கில் சிப் தொழிற்சாலைகள் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் படிப்பார்கள் என்பதால்தான் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவருக்குக் கையுறையில் இருந்த ஊசித்துளை வழியாக நகக்கண்ணில் பட்டது. மத்தியானம் ஒன்றும் தெரியவில்லை, இரவு விரல் நுனி வெளுத்துப்போய் வலியில் துடித்துவிட்டார். கரைசலில் அமிலம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வலி வர 24 மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் அமிலத்திலுள்ள ஃபுளோரைடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் கால்சியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறி உயிர் போகும். உடனே கழுவுங்கள், அப்புறம் 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைப் புதுக் கையுறை போட்டுக்கொண்டு விடாமல் தேய்த்தபடியே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கே அமிலத்தின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாதாரணத் தீப்புண் என்று நினைத்து மருந்து போட்டு அனுப்பிவிடக்கூடும். மலேசியாவின் 2013 இரசாயன விதிமுறைப்படி, அமிலத்தின் ஆபத்தையும் முதலுதவியையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத்தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் விற்பவர் கொடுத்தாக வேண்டும், அதையும் கையோடு கொண்டுபோங்கள். சில துரு நீக்கும் திரவங்களிலும் இந்த அமிலம் உண்டு, வீட்டில் இருந்தால் லேபிளைப் பாருங்கள்.