மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் மீனே கிடையாதா?

"ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை யாரும் கடலுக்குப் போகக்கூடாது, அப்போது விற்பதெல்லாம் பழைய ஐஸ் மீன்" என்று சொல்வது பாதிதான் சரி. அந்த 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு, குறிப்பாக இழுவை மடி (கடலில் இழுத்துச் செல்லும் பெரிய வலை) போடும் படகுகளுக்கு. கட்டுமரம், வள்ளம், ஃபைபர் படகு எல்லாம் கரையோரத்தில் வழக்கம்போலத் தொழில் செய்கின்றன. சித்திரை வெயிலில், விடியும் முன்னே போட்ட வலையை இழுத்துக்கொண்டு வரும் ஃபைபர் படகிலிருந்து, வலைக்கண்ணில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுவதை எந்தக் கடற்கரைக் குப்பத்திலும் பார்க்கலாம். நெத்திலி, மத்தி எல்லாம் வரும். பெரிய மீன் வரத்து குறையும், விலை ஏறும், அது உண்மை.

அப்புறம், தடை எல்லா இடத்துக்கும் ஒரே தேதி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலேயே சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்கே அதே ஏப்ரல் 15 தேதிதான்; மேற்குக் கரையான குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக மே மாதத்தில் மேற்குக் கரை விசைப்படகு மீன் லாரியில் சென்னைக்கு வரும். அதுவும் ஐஸில்தான் வரும், ஆனால் 'பழைய மீன்' ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம், பழுப்பேறி வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.