அடகு வைக்க ஏலாத தங்கம்

பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து தலவாக்கலைக்கு வந்த சித்தி மகன், தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் உட்கார்ந்து போனைக் காட்டினான். "அண்ணே, எண்ணூறு டொலர் பிட்கொயின் கிடக்கு." கடையில் நின்று மிச்சம் பிடித்ததில் வாங்கியது, இணையத்தில் மட்டும் இருக்கும் காசு. அம்மா எட்டிப் பார்த்து, "இதைக் கொண்டுபோய் அடகு வைக்க ஏலுமா தம்பி?" என்றார்.

விலை ஏறுவதால்தான் எங்கள் பையன்கள் இதை வாங்குகிறார்கள் என்று சொல்வார்கள். அதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். இறங்கினாலும் திரும்பி வருகிறார்களே! ஒரு பிட்கொயின் 2021 நவம்பரில் 69 ஆயிரம் டொலர் வரை போனது, அடுத்த நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பிட்கொயின் வாங்கி விற்கும் நிறுவனம் கவிழ்ந்தபோது 16 ஆயிரத்துக்கு விழுந்தது. கதை முடிந்தது என்றார்கள். 2024 டிசம்பரில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

பிட்கொயின் மொத்தமே 2 கோடியே 10 இலட்சம்தான். புதிதாக வருவதும் ஏறக்குறைய நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும். ஒரு மந்திரியின் கையெழுத்தில் இந்தக் கணக்கு மாறாது. இலங்கையில் 2022 நெருக்கடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. புத்தகத்தில் இருந்த காசு அப்படியே இருந்தது, அரிசியும் மாவும்தான் கைக்கு எட்டாமல் போயின. அதோடு, தலைமுறை தலைமுறையாக இருக்கும் லயத்துக்கே உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் நாங்கள். வங்கிக்குப் போனால் பிணையாள் எங்கே, காணி உறுதி எங்கே என்பார்கள். பிட்கொயின் அதையெல்லாம் கேட்பதில்லை. (அதே 2022இல் அதுவும் பாதிக்கு மேல் விழுந்ததை எங்கள் பையன்கள் சொல்லவே மாட்டார்கள்.)

ஆனால் தோட்டத்துக்குள் வருவது பெரும்பாலும் பிட்கொயினே இல்லை. வட்ஸ்அப் குழு, டை கட்டின ஒருத்தர், இரண்டு பேரைச் சேர்த்தால் கமிஷன். நானும் விழுந்தேன். 2023இல் பக்கத்து டிவிஷன் ஆள் ஒருவர் சொல்லி 75 ஆயிரம் ரூபாய் போட்டேன். அப்போது நாள் சம்பளம் 1,000 ரூபாய், அம்மாவுக்கு 75 நாள் கொழுந்து அது. திரையில் டொலர் ஏறிக்கொண்டே இருந்தது. எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்றார்கள். அப்புறம் அந்தச் செயலியே திறக்கவில்லை. சேர்த்துவிட்டவரை இன்றும் பஸ் நிலையத்தில் பார்ப்பேன். அவர் என்னைவிட அதிகம் விட்டவர், என்ன கேட்பது?

சீட்டுப் பிடிக்கிற அக்கா ஏமாற்றினால் அவர் வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம். பிட்கொயின் மாதிரியான கிரிப்டோ காசு விற்க மத்திய வங்கி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை, வங்கி அட்டையில் வாங்கவும் விடுவதில்லை. ஆகவே தெரிந்த ஆட்களிடம் நேரடியாகத்தான் வாங்குகிறார்கள். காசு போனால் வெளியே சொல்லவும் வெட்கம்.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன், பிட்கொயின் பையைத் திறக்கும் சாவியான அந்த 12 சொல்லை எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்று. அது கையில் இருந்தால்தான் காசு நம்முடையது.

"எந்தச் சொல்லண்ணே?" என்றான்.