உடைவதற்கென்றே போட்ட பின்

வீட்டில் நிற்கிற மெஷினில் கை வைக்காதே, மெக்கானிக்கிடம் கொடு என்று சொல்லுகிற கட்சி நானில்லை. கழற்றுங்கள், துடையுங்கள், திரும்பப் பூட்டுங்கள். புல்லு வெட்டுகிற மெஷினோ, தண்ணீர்ப் பம்போ, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லுக் கை ட்ரக்டரோ, வைத்திருக்கிற ஆளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். என் சண்டை வேறு இடத்தில். மெஷினையும் மனிசனையும் காப்பாற்ற என்று கம்பனி போட்டுவிட்டதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குத் 'திருத்தம்' என்று பெயர் வைக்கிறோமே, அங்கேதான்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் போன மாரிக்கு வீடியோ கோலில் வந்தான். வாசல் முழுக்க ஸ்னோ. ஸ்னோ புளோவர், அதாவது ஸ்னோவை அள்ளி வீசுகிற மெஷின், அதன் முன் திருகில் ஒரு பக்கம் சுற்றுகிறது, மற்றப் பக்கம் பேசாமல் நிற்கிறது. "ஷியர் பின் அறுந்திட்டுது மச்சான். கராஜுக்குள்ள நல்ல ஸ்டீல் போல்ட் ஒண்டு கிடக்கு, போட்டு இறுக்கட்டா?"

போடாதே என்றேன். அந்தப் பின் அறுவதற்கென்றே செய்தது. ஸ்னோவுக்குள் கிடக்கிற கல்லோ, சுருட்டி எறிந்த பேப்பரோ திருகில் சிக்கினால் எஞ்சின் விடாமல் தள்ளும். ஏதாவது ஒன்று உடைந்தே ஆக வேண்டும். மலிவான பின் உடைந்தால் பத்து நிமிட வேலை. அது உடையாவிட்டால் அடி நேரே கியர்பொக்சுக்குப் போகும். அதற்குள் இருக்கிற பல்லுச்சில்லு பெரும்பாலும் வெண்கலம். இரும்புத் திருகுடன் மல்லுக்கட்டினால் தோற்பது அதுதான். போல்ட்டின் தலையைப் பாருங்கள்: 8.8, 10.9, 12.9 என்று இலக்கம் குத்தியிருக்கும். இலக்கம் கூடக் கூட பலமும் கூடும். நம்மாட்களுக்குப் பலம் கூடியதென்றால் நல்லது, அவ்வளவுதான் கணக்கு. இங்கே திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் நாலு சில்லு ட்ரக்டரின் பின்னால் பூட்டுகிற, மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டருக்கும் இதே கதை நடக்கிறது. ட்ரக்டர் எஞ்சினின் சுற்றைப் பின்னால் கொண்டுவருகிற பி.ரி.ஓ. தண்டில் இருக்கிற ஷியர் போல்ட் வேரிலோ கல்லிலோ பட்டு அறுந்தால், அடுத்த தடவை அறாத மாதிரி ஒன்றைத் தேடிப் போடுவார்கள். அது அறாது. கியர்பொக்ஸ் போகும். பிறகு கம்பனியைத் திட்டுவார்கள்.

ஸ்னோவைக் காணாத ஊரில் இருந்துகொண்டு ஸ்னோ மெஷினைப் பற்றி உனக்கென்ன என்று கேட்கலாம். அந்த மெஷின் ஒன்றும் அந்நியமில்லை. 1925இல் கனடாவின் கியூபெக்கில் ஆர்தர் சிக்கார் என்பவர்தான் முதல் ஸ்னோ புளோவரைச் செய்தவராகச் சொல்லப்படுகிறார்; வயலில் தானியத்துக்கு ஓடிய மெஷினைப் பார்த்துத்தான் அந்த எண்ணமே வந்தது என்பார்கள். அங்கே கோடையில் புல்லு வெட்டுகிற சின்ன ட்ரக்டருக்கே மாரியில் முன்னால் ஸ்னோ தள்ளுகிற தகட்டைப் பூட்டிக்கொள்வார்கள். நம்முடைய லான்ட்மாஸ்டரும் அப்படித்தானே. காலையில் சேறடிக்கும், மத்தியானம் பெல்ட் மாட்டிப் பம்ப் இழுக்கும், பின்னேரம் பெட்டியை (ட்ரெய்லரை) கொழுவி நெல்லு மூட்டையோ கோயில் சாமானோ ஏற்றும். 1950களில் இந்த மெஷினை உருவாக்கியதில் நம் இலங்கை எஞ்சினியர் ரே விஜேவர்தனவின் பங்கு பெரியது. பிற்காலத்தில் அவரே, இந்தளவுக்கு மண்ணைக் கிளறத்தான் வேண்டுமா என்று கேட்டு, உழாமல் பயிர் செய்கிற பக்கம் போனார். தான் செய்ததையே கேள்வி கேட்கிற எஞ்சினியர் அபூர்வம். அது தனிப் பதிவுக்குரிய விஷயம், விடுவோம்.

வீட்டுத் திருத்தத்தில் எனக்கு ஆகப் பிடித்தது காபரேட்டர், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். ஸ்னோ புளோவரை மார்கழியில் இழுத்தால் ஸ்டார்ட் வராததற்கும், நிலாவெளியில் வெங்காயத்துக்கு இறைக்கிற பம்ப் மாதக்கணக்கில் கிடந்துவிட்டுச் சண்டித்தனம் பண்ணுவதற்கும் காரணம் ஒன்றுதான்: தேங்கின பெற்றோல். ஆவியாகக் கூடியது போய்விடும், மிச்சம் தேன் நிறத்தில் பிசினாகி, பெற்றோல் போகிற ஜெட் என்கிற சின்னத் திருகின் துவாரத்தை அடைக்கும். கனடாவில் பெற்றோலில் எத்தனோலும் கலந்திருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எங்களுக்கு எத்தனோல் இல்லாவிட்டாலும் கடற்காற்று இருக்கிறது. காபரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளச் கேபிள் கம்பியை விட்டுக் குத்துவது எங்கள் ஊர்ப் பழக்கம். செய்யாதீர்கள். ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி துவாரத்தைப் பெருப்பிக்கும், பிறகு எண்ணெயை அள்ளிக் குடிக்கும், கறுப்பாய்ப் புகைக்கும். மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் மெல்லியதாக ஒரு துண்டு போதும். திருகோணமலையில் அதற்கா பஞ்சம்? வேலை முடிந்து கனநாள் நிறுத்தி வைப்பதென்றால் பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணம் காய்ந்துவிடும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோதுதான், அதில் எஞ்சின் ஓட்டுகிற படகுக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் இந்தத் துவாரத்தின் பெறுமதி உறைத்தது. ஒழுகுகிற ரியூப்பை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓடியவர்களெல்லாம் அன்றைக்குக் குனிந்து பார்த்தார்கள்.

இனி எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற விஷயம். றோட்டில் வேகமாகப் போக வேண்டும் என்று லான்ட்மாஸ்டர் எஞ்சினின் புல்லியைப் பெரிசாக்குகிறார்கள். எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த எஞ்சின் ஒரு குறித்த சுற்றுக்கு மேல் ஓடச் செய்ததல்ல. ஒருநாள் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கொன்றொட் எஞ்சின் பிளொக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வேகம் கூடின மெஷினுக்குப் பிரேக் எங்கே? பெட்டியில் இருக்கிற கால் பிரேக் மட்டுந்தான். உவர்மலை மாதிரி ஓர் இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது இன்னொரு கூத்தும் இருக்கிறது. சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்புகிற மெஷின், இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது வலப்பக்கம் திரும்பும். விடுபட்ட சில்லு சுதந்திரமாக உருள, மற்றச் சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். பழகின கைக்கு இது தெரியும். புல்லி மாற்றின மெஷினில் பெட்டி நிறைய மண்ணோடு பள்ளிக்கூடப் பெடியனை ஏற்றிவிடுகிற அப்பாமாருக்கு இது தெரியுமா?

பெல்ட் கவர் இன்னொன்று. பெல்ட் மாற்றக் கழற்றினால் அது திரும்ப ஏறுவதேயில்லை, கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிடும். பெல்ட் ஓடும் பக்கத்தில் சாரம் கட்டிக்கொண்டு நிற்கிறோம். துணியின் நுனி சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுக்கும், கத்தக்கூட நேரம் இருக்காது. ஸ்னோ மெஷினில் இதற்கு ஈடானது ஸ்னோ பறக்கிற குழாய். அடைத்தால் கையை விட்டுத் தோண்டுகிறார்கள், விரல் போகிறது. எஞ்சினை நிறுத்தினாலும் உள்ளே இறுகி நிற்கிற தகடு அடைப்பு விடுபடும்போது ஒரு தரம் சுற்றலாம். அதனால்தான் மெஷினோடு தடி ஒன்று தருகிறார்கள். மச்சானின் தடி மூன்று வீடு தள்ளி யாரிடமோ இருக்கிறதாம்.

இதையெல்லாம் சொன்னால், "பயந்தவன் மெஷின் வேலைக்கு வரக்கூடாது" என்று கொமெண்ட் போட ஒருவர் வருவார். வரட்டும். விரல் எல்லாம் இருக்கிற மெக்கானிக் ஒருவரோடு வந்தால் இருவருக்கும் தேநீர் தருவேன்.

என்னிடம் இருக்கிற பழைய லான்ட்மாஸ்டருக்கு பெல்ட் கவர் கடையில் கிடைக்கவில்லை. தகடு வளைத்து அளவுக்கு அடித்துத் தருகிற வெல்டிங் கடை தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் கீழே போடுங்கள். பெரும்போகத்துக்கு முன் வேண்டும்.