அம்மாவின் ளாதும் ஒரு ஆய்த எழுத்தும்

மூணு வாரமா அம்மா குர்ஆனைச் சத்தமா ஓதுறதில்லை.

பொழுது சாய்ஞ்சதும் மஃரிப் தொழுதுட்டு, தொழுகை விரிப்பான முசல்லாவிலேயே உட்கார்ந்து யாஸீன் சூரா ஓதுவாங்க. பழைய வண்ணாரப்பேட்டையில எங்க சந்துல வீடுகளெல்லாம் சுவரோட சுவர் ஒட்டினது. அம்மா குரல் கேட்டா பக்கத்து வீட்டு அக்கா டிவி சத்தத்தைக் குறைச்சிடுவாங்க. இப்போ அம்மாவுக்கு உதடு மட்டும்தான் அசையுது.

நடந்தது இதுதான். பெண்களுக்குத் தஜ்வீத், அதாவது குர்ஆனை எழுத்துச் சுத்தமா ஓதுற முறை, வகுப்பு நடக்குதுன்னு கேள்விப்பட்டு, 64 வயசுல ஆசையா போனாங்க. முதல் நாளே, ஒவ்வொரு தொழுகையிலயும் ஓதுற ஃபாத்திஹா சூராவை (குர்ஆனோட முதல் அத்தியாயம்) ஓதச் சொல்லியிருக்காங்க. அம்மா "வலள்ளால்லீன்"னு முடிச்சதும், சொல்லிக்கொடுக்கிற பொண்ணு எல்லார் முன்னாடியும், "இத்தனை வருஷமா இப்படியா ஓதுனீங்க? அப்போ உங்க தொழுகையெல்லாம்?"னு கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து அம்மா என்கிட்ட கேட்டாங்க: "ஏன்டா கண்ணு, அம்பது வருஷத் தொழுகையும் போச்சா?"

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, துணிக்கடை வச்சிருக்கிறவன். மார்க்கத் தீர்ப்பு சொல்ல வரலை. ஆனா அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடலை. தெரிஞ்ச ஹஜ்ரத்மார்களைக் கேட்டேன், கிடைச்சதைப் படிச்சேன்.

அம்மா தப்பா சொன்னதா சொன்ன அந்த அரபு எழுத்து ளாத். ரமளான், ஃபர்ளு, ஒளு எல்லாத்திலயும் இருக்கிறது இதேதான். உருது வழியா வந்தா அதே எழுத்து ரம்ஜான், ஹஜ்ரத், காஜின்னு ஆகுது. இன்னைக்கு அரபு நாட்டுக் காரிகளை (குர்ஆன் ஓதுற கலைஞர்களை) கேட்டுப் பழகினவங்க ரமதான்னு சொல்றாங்க. மண்ணடியில நோன்பு மாசத்துல நடந்து போனா ஒரே தெருவுல மூணு விதமாவும் போஸ்டர் பார்க்கலாம். ஒரு எழுத்துக்கு ஏன் இத்தனை முகம்? அது பிறக்கிற இடம் அப்படி. நாக்கோட ஓரம் மேல் கடைவாய்ப் பற்களோட சேர்ற இடம். இடப்பக்க ஓரத்துல வரலாம், வலப்பக்கத்துலயும் வரலாம். வேற எந்த அரபு எழுத்தும் அங்கே பிறக்கிறதில்லை.

இனி நம்ம தொல்காப்பியத்துல பிறப்பியலைப் பாருங்க. லகரமும் ளகரமும் நாக்கோட விளிம்பு தடிச்சுப் பல்லடியைத் தொடும்போது பிறக்குதுன்னு அதுல இருக்கு. நாக்கு விளிம்பு! அரபியில நாக்கு ஓரத்துல பிறக்கிற எழுத்துக்கு, தமிழ்ல நாக்கு விளிம்புல பிறக்கிற ளகரத்தை நம்ம முன்னோர்கள் எடுத்து வச்சிருக்காங்க. மலையாளத்து முஸ்லிம்களும் ளகரத்தைத்தான் வச்சாங்க. அறியாமையில வந்த வழக்கா எனக்கு இது தெரியலை. காது கொடுத்துக் கேட்டவங்க பண்ணின வேலை. அதுக்காக ளகரம் அப்படியே ளாத் ஆகிடாது. ளாத் கனமான எழுத்து, நாக்கோட பின்பகுதி மேலே எழும்பணும், வாய் நிறையணும். நம்ம ளகரம் மெல்லிசு. அம்மா கத்துக்க வேண்டியது அந்தக் கனத்தை மட்டும்தான். அஞ்சு நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லியிருந்தா போதும்.

இதைச் சொல்லித் தேத்தலாம்னு ஒரு நாள் ராத்திரி அம்மாகூட உட்கார்ந்து நானும் ஃபாத்திஹா ஓதினேன். "இய்யாக்க நஃபுது" வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"என்னடா, ஃபுன்னு ஊதுற?"

நான் மதரஸாவுக்குச் சரியா போகாதவன். தமிழ் எழுத்துல அச்சடிச்ச சின்னப் புத்தகத்தைப் பார்த்து ஓதிப் பழகினவன். அதுல ஐன்ங்கிற அரபு எழுத்துக்கு ஆய்தம் (ஃ) போட்டிருப்பாங்க. பக்கத்துல 'பு' வருது. ரெண்டும் சேர்ந்தா ஃபு! ஃபாத்திமாவுல வர்ற அதே ஃப. முப்பது வருஷமா தொழுகையோட ஒவ்வொரு ரக்அத்திலயும் (சுற்றுலயும்) ஐனைத் தொலைச்சு, இல்லாத ஒரு ஃபாவை நான் ஓதிக்கிட்டு இருந்திருக்கேன்.

அம்மா என் விரலைப் பிடிச்சு என் தொண்டை மேலே வச்சாங்க. "மூக்குக் கண்ணாடி துடைக்க வாயால ஊதுவியே, அப்படி ஊது. தொண்டையை நடுவுல கொஞ்சம் இறுக்கிக்கோ." ஊதினேன். "இதான் ஹா. இப்போ இதே இடத்துல குரலைப் போடு." போட்டேன், விரலுக்கடியில அதிர்ந்தது. "இதான் ஐன். இப்போ பு-வைத் தனியா சொல்லு." ஏழெட்டுத் தடவை ஆச்சு. அம்மா சின்ன வயசுல ராயபுரத்துல ஒரு வீட்டுத் திண்ணையில, "அலிஃபு ஜபர் அ, அலிஃபு ஜேர் இ, அலிஃபு பேஷ் உ"ன்னு ஓதிக்கொடுத்த ஒரு அம்மாவோட வாயைப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க. அவங்க கையில தமிழ்ப் புத்தகம் இருந்ததே இல்லை.

இங்கேதான் என் ஆதங்கம். தமிழ் நாக்குக்கு அரபு வராதுன்னு சொல்றாங்க. ழகரம் சொல்ற நாக்குக்கு ஐன் வராதா? நமக்கு முன்னால வச்சிருக்கிற தமிழ் எழுத்துலதான் குறை. அரபியில ஹா ரெண்டு, நமக்கு ஹ ஒண்ணு. ஸீன் வேற, ஸாத் வேற, நமக்கு ரெண்டும் ஸ. குறைஷ் சூராவுல வர்ற கோடைகாலத்தை ஸீன் போட்டு ஓதினா வாள்னு அர்த்தம் மாறிடும். தமிழ்ல எழுதினா ரெண்டுமே ஸைஃப்தான். அலீம்னு எழுதுங்க. ஐன்ல தொடங்கினா எல்லாம் அறிந்தவன், அல்லாஹ்வோட பேரு. அலிஃப்ல தொடங்கினா வேதனை தரக்கூடியது. தமிழ்ல ரெண்டுக்கும் அதே மூணு எழுத்து.

நம்ம முன்னோர்கள் அரபுத்தமிழ் எழுதினாங்களே, நினைச்சுப் பாருங்க. தமிழை அரபு எழுத்துல எழுதும்போது நம்ம ஒலி கெட்டுடக் கூடாதுன்னு புள்ளி கூட்டிப் புது எழுத்தே உண்டாக்கினாங்க. குர்ஆனைத் தமிழ்ல அச்சடிக்கிற நாம அந்த அக்கறையில பாதியாவது காட்டியிருக்கமா? அவசரத்துக்கு, புதுசா மார்க்கத்துக்கு வந்தவங்களுக்கு, அந்தப் புத்தகம் கைத்தடியா இருக்கட்டும். என்னை மாதிரி முப்பது வருஷம் அதையே பிடிச்சுக்கிட்டு நடக்கக் கூடாது. ஹிஜ்ரி 833-ல மறைஞ்ச தஜ்வீத் மேதை இமாம் இப்னுல் ஜஸரி, எழுத்து பிறக்கிற இடம் 17-ன்னு எண்ணிச் சொன்னார். அந்த 17-ஐயும் ஒரு வாயைப் பார்த்துத்தான் இன்னொரு வாய் பிடிக்கும்.

சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். திருத்துங்க, கண்டிப்பா திருத்துங்க. எழுத்து மாறினா பெரிய பிழைதான், அதை மழுப்ப வேண்டாம். ஆனா நபியோட மனைவி ஆயிஷா நாயகி அறிவிக்கிற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம்ங்கிற ரெண்டு தொகுப்பு நூல்லயும் இருக்கே: திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுறவங்களுக்கு ரெண்டு கூலி. ரெண்டு கூலி வாங்க வந்தவங்களை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வச்சு அனுப்புறது எந்த தஜ்வீத்?

எங்க வீட்டு மாடி அறை காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு அப்புறம் பெரியவங்களுக்கு மட்டும் வகுப்பு, ஒரு நேரத்துல அஞ்சு பேருக்கு மேல கிடையாது. பொறுமையான ஒரு ஆலிமா (மார்க்கம் படிச்ச பெண்) வர்றதா சொல்லியிருக்காங்க. தமிழ்ப் புத்தகம் உள்ளே வராது. உங்க வீட்டுப் பெரியவங்களை அனுப்ப நினைக்கிறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஐன் எழுத்தை அம்மாவே சொல்லிக்கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. ளாதுக்கு மட்டும் ஆலிமா முன்னாடி உட்கார்ந்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.